சாமான் அறையில் ஒரு தட்டு

மணியோசை அடங்குவதற்குள் பிள்ளைகள் தொட்டியடியில் கை கழுவி முடித்திருக்க வேண்டும். கழுவியவர்கள் வந்த வரிசையிலேயே பந்திக் கூடத்தில் அமர வேண்டும். அக்காள் தங்கை என்றும் ஒரே தெருக்காரி என்றும் சொல்லி ஒருத்திக்காக மற்றொருத்தி இடம் பிடித்து வைத்தல் கூடாது. ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றின் மணற்கரையை ஒட்டியிருந்த அந்தத் திருச்சபைப் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியைகள் பலர் வந்து போனார்கள். இந்த முறைமை மட்டும் மாறவில்லை. இதை வகுத்தவள் ஜெயபுஷ்பம். பள்ளியின் மதிய உணவு முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. ஊரில் அவளை மேட்ரனம்மா என்றே அழைத்தார்கள்.

மேற்குக் காற்று அடிக்கும் நாள்களில் தோல் பதனிடும் டேனரிகளின் சுண்ணாம்புக் குழி நாற்றம் பிள்ளைகளுக்கு முன்னதாகவே பந்தியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வரும் ஆசிரியைகள் ஒரு வாரம் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள்; பிறகு மறந்துவிடுவார்கள். பள்ளிக் கிணறு உப்பாகிப் போய்ப் பல காலம் ஆயிற்று. லாரித் தண்ணீர் வந்தால்தான் உலை ஏறும். லாரி பிந்திய நாளிலும் மேட்ரனம்மாவின் பந்தி பிந்தியதில்லை என்று சமையற்காரி பூவம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பெருமையில் பாதி தன்னைச் சேர்ந்தது என்பது அவள் எண்ணம்.

முறைமைகளில் தலையாயது ஒன்று உண்டு: வீட்டிலிருந்து டப்பா வரக் கூடாது. முன்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஒருத்தியின் டப்பாவில் மாட்டுக்கறி இருப்பதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். டப்பாக்காரப் பெண் அன்றைக்கு ஒன்றும் தின்னாமல் கறியை ஆற்று மணலில் கொட்டிவிட்டு வந்தாள். அன்றோடு ஜெயபுஷ்பம் டப்பாக்களை நிறுத்தினாள். எல்லோருக்கும் ஒரே பானை, ஒரே கரண்டி. யாருக்கும் தனித்தட்டு இல்லை.

அவளே அந்தப் பள்ளியில் படித்தவள். அவள் படித்த காலத்தில் கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. காலனிப் பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். எவரும் அதட்டி உட்காரவைத்ததாக அவளுக்கு நினைவில்லை. கோடு இருந்தது, உட்கார்ந்தார்கள். பொறுப்பு தன் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொத்தனாரை அழைத்து அந்தக் கோட்டைக் கொத்தி எடுத்து, தரையை மறுபடி பூசவைத்தாள்.

திருமணம் செய்துகொள்ளாத ஜெயபுஷ்பம் தம்பி சுந்தர்ராஜின் வீட்டில் இருந்தாள். சுந்தர்ராஜுக்கு டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்மில் வேலை. அவன் மனைவி ஃபீபி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தாள். அவர்களுடைய ஒரே மகள் ஜெனிஃபா அத்தையின் பள்ளியில் நான்காம் வகுப்புப் படித்தாள். அவளுக்கு ஆறு வயதில் வலிப்பு தொடங்கியது. கை கால் இழுத்துக்கொள்ளும் வலிப்பு அன்று. நின்றுகொண்டிருப்பவள் அப்படியே மடிந்து விழுவாள். மோவாயில் தையல் போட்ட தழும்பின்மேல் தழும்பு. மாத்திரையைக் கூட்டினார்கள். விழுவது சற்றுக் குறைந்தது. ஆனால் பிள்ளை தூங்கி வழிந்தது. வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருப்பவள் பாதியில் நின்று, எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அத்தையைக் கேட்பாள். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை அப்படிக் கேட்பதைத் தாங்குவது, விழுவதைப் பார்ப்பதைவிடக் கடினமாக இருந்தது.

2003ஆம் ஆண்டு கோடையில் வேலூர் மருத்துவமனை ஒன்றில் வேறொரு வழி சொன்னார்கள். உடம்பு அரிசியையும் சர்க்கரையையும் எரிக்காமல் கொழுப்பை எரிக்கப் பழகினால், சில பிள்ளைகளுக்கு மூளையின் கொந்தளிப்பு அடங்குமாம். சோறு இல்லை, இட்லி இல்லை, ரொட்டி இல்லை, பழம் இல்லை. முட்டை, வெண்ணெய், தேங்காயெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, நிறுத்துப் போட்ட கொஞ்சம் கீரை. இவ்வளவே உணவு, மருந்தும் இதுவே. ஊர்க்காரர்களின் வாயில் டயட் மேடம் என்று ஆகிவிட்ட உணவியல் அம்மையார் இதைச் சொன்னபோது சுந்தர்ராஜ் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

"டிரம்முல போட்டுத் தோலுக்கு எண்ணெய் ஏத்துவோம் மேடம், அது எங்க வேலை. நீங்க புள்ளைக்கே ஏத்தச் சொல்றீங்க."

அந்த அம்மையார் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: ஒரு பிஸ்கோத்து, ஒரு வாய்ச் சோறு, எதுவானாலும் மறுபடி விழுவாள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகளைக் கொடுத்தார். பட்டை ஊதாவாக மாறினால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. வெளுத்தால் எங்கேயோ தவறு நடக்கிறது. சில மாதம் பார்ப்போம். பட்டை ஊதாவில் நிற்கவில்லையென்றால் இதை நிறுத்திவிட்டு மாத்திரையை இன்னும் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னும் கூட்டினால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருப்பாளா என்று ஃபீபி கேட்டாள். முதலில் இதைச் செய்து பார்ப்போம் என்றார் அவர்.

வார்டில் ஒரு நாள் பட்டினி போட்டுச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில், கம்பெனி வேன் வருவதற்கு முன்பாக, ஃபீபி நாத்தனாரிடம் வந்து நின்றாள்.

"அண்ணி, ஜெனிக்கு மதியத்துக்கு டப்பா குடுத்து அனுப்பணும். பந்தியில ஒரு ஓரமா உட்கார்ந்து அவ பாட்டுக்குத் தின்னுட்டுப் போறா."

"டப்பா உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான். என் தம்பி பொண்ணுக்கு மட்டும் எடுத்துட்டா நாளைக்கு எவ என் பேச்சக் கேப்பா?"

"மருந்துன்னு சொல்லுங்க."

"முட்டையும் வெண்ணெயும் மருந்துன்னு எந்தப் புள்ள நம்பும் ஃபீபி? வெறும் சாம்பார் சோறு தின்றவ பக்கத்துல உட்கார்ந்து இவ வெண்ணெய் தின்னா, அதுக்குப் பேரு பந்தியா?"

சுந்தர்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, அக்கா சொல்றதும் நாயந்தான் என்றான்.

"உங்க அக்கா சொல்லி எது நாயமில்லாம போயிருக்குது?" என்றாள் ஃபீபி.

ஜெயபுஷ்பம் அதைக் கேளாதவள்போல் இருந்தாள். பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் அல்லள் அவள். யோசித்து ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள். கூடத்தை அடுத்துச் சாமான் அறை இருந்தது. காற்றோட்டம் உள்ள, அவள் கையால் பெருக்கித் துடைத்த அறை. பந்தி மணிக்கு முன்னதாகவே ஜெனிஃபாவை வகுப்பிலிருந்து அழைத்துவந்து அங்கே உட்காரவைத்து, பந்தி முடிந்தபின் வகுப்புக்கு அனுப்பிவிடலாம். யாரும் பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்காவிட்டால் அது வேற்றுமையும் ஆகாது.

"தனியாவா?" என்று கேட்டாள் ஃபீபி.

"தனியா இன்னா, செவுத்துக்கு இந்தப் பக்கம் நான்தானே நிக்கிறேன்."

வேன் சந்துமுனையில் ஒலி எழுப்பிற்று. ஃபீபி ஓடினாள்.

அதன்பின் அந்த வீட்டின் விடியற்காலைகள் மாறின. ஃபீபி இருட்டோடு எழுந்து சின்னத் தராசில் வெண்ணெயை நிறுப்பாள். முட்டையை அடித்து ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றிச் சுடுவாள். தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறி நிறுப்பாள். தோலில் ஒரு நூல் தப்பினாலும் ஜோடு முழுவதும் கழிவில் போய்விடும் வேலையில் பழகிய கை அது. டப்பாவில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வழித்துத் தின்றுவிட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லி அனுப்புவாள். கொழுப்பு உருகும் வாடை கூரையோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் சோற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள்.

மாலையில் டேனரியிலிருந்து வந்ததும் சுந்தர்ராஜ் கையைக்கூடக் கழுவாமல் பட்டையைக் கேட்பான். ஒரே சாயத்தில் இரண்டு தோலுக்கு நடுவே உள்ள சின்ன வேறுபாட்டையும் பிடித்துவிடும் கண் அவனுக்கு. வாசல் வெளிச்சத்தில் பட்டையைப் பிடித்து, நேத்து விட இன்னிக்கு ஜாஸ்தி என்பான். ஊதா ஏறிக்கொண்டே போயிற்று. ஜெனிஃபா விழுவது குறைந்தது. பிறகு விழவே இல்லை. மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் மனப்பாட வசனம் முழுவதையும் தடங்கலின்றிச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஜெயபுஷ்பம் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சபையார் பார்த்தார்கள். அவள் அழுது அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

புரட்டாசி மழை தொடங்கியபோது பட்டை வெளுக்கத் தொடங்கிற்று.

முதலில் சுந்தர்ராஜ் பட்டையைக் குறை சொன்னான். ஈரக் காற்றில் கெட்டுப்போயிருக்கும் என்றான். புதுப் பட்டைகள் வாங்கி வந்தான். அவையும் வெளுத்தன. ஒரு சனிக்கிழமை பிற்பகல், வாசலில் சொட்டும் மழைநீருக்குக் குடம் வைக்கப் போன ஜெனிஃபா குடத்தின் மேலேயே விழுந்தாள். மோவாய் மறுபடி பிளந்தது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சுந்தர்ராஜ் மனைவியைக் கேட்டான்:

"இன்னா குடுத்த?"

ஃபீபி நிறுத்துப் போட்டதைத்தான் கொடுத்தேன் என்றாள். திமிரியில் இருக்கும் அவள் தாய் வந்து போனபோது பிஸ்கோத்து ஏதாவது கொடுத்தாளா என்று கேட்டான். கர்த்தர்மேல் ஆணையாக இல்லை என்றாள். அப்படியானால் தராசு என்றான். வேறொரு தராசு வந்தது. பட்டை வெளுத்தே இருந்தது. வீட்டில் பேச்சு குறைந்து, பேசினால் சண்டையாயிற்று. சுந்தர்ராஜ் கெட்டவன் அல்லன். ஆனால் மகள் விழும்போதெல்லாம் அவனுக்கு யாராவது ஒருவர்மேல் அதைப் போட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஃபீபி இருந்தாள்.

அப்போது ஜெயபுஷ்பமும் ஒரு வார்த்தை சொன்னாள். சமாதானமாகவே சொன்னாள்.

"வேன் வர்ற அவசரத்துல கை அளவு தவறியிருக்கும் ஃபீபி. நீ வேணும்னு செய்வியா? ஆனா ரெண்டு வேலைய ஒருத்தி பாத்தா ஒண்ணு கெடத்தானே செய்யும்."

ஃபீபி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாரமே வேலையை விட்டாள். பத்தாண்டுகள் தைத்த மிஷின் அது. சூப்பர்வைசர் இன்னும் ஒரு வாரம் யோசித்துப் பார் என்று சொன்னதாகவும், யோசிக்க ஒன்றுமில்லை என்று தான் சொன்னதாகவும் வந்து சொன்னாள். அதற்குப்பின் காலையில் யாரும் ஒலி எழுப்பி அவளை அவசரப்படுத்தவில்லை. நின்று நிதானித்து நிறுத்தாள். நிறுத்ததை மறுபடி நிறுத்தாள். பட்டை வெளுத்தே இருந்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவந்தது.

பள்ளியில் அந்த நாள்களில் பேச்சு எலியைப் பற்றியதாக இருந்தது. சாமான் அறையில் அரிசி மூட்டை ஒன்றின் வாய் அவிழ்ந்து, தரையில் அரிசி சிந்திக் கிடப்பதைப் பூவம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"பெருச்சாளியா இருக்கும் மேட்ரனம்மா. மருந்து வெச்சுரலாமா?"

அரிசி இருக்கிற அறையில் விஷம் வைப்பதா என்று ஜெயபுஷ்பம் கடிந்துகொண்டாள். பொறி வைக்கச் சொன்னாள். கடைத்தெருவில் மசால்வடை ஒன்று வாங்கிக் கொக்கியில் குத்தி, மூட்டைக்குப் பின்னால் பொறியை வைத்தார்கள். வடை அப்படியே காய்ந்தது. அரிசி மட்டும் சிந்திக்கொண்டிருந்தது.

"சாயபு கடை வடைய மோந்துகூடப் பாக்கலையே. நம்ம ரேஷன் அரிசிதான் புடிக்குதாம் தொரைக்கு" என்று பூவம்மாள் சிரித்தாள்.

வியாழக்கிழமை பந்தி உட்கார்ந்திருந்தது. வெளியே தூறல். ஒரு பிள்ளை எழுந்து நின்று ஸ்தோத்திர ஜெபம் சொல்லிற்று. கூடம் முழுவதும் ஆமென் சொல்லிக் கையைத் தட்டில் வைத்தது. பரிமாறுதலைப் பூவம்மாளிடம் விட்டுவிட்டு, பொறியில் புதிய தேங்காய்ச் சில்லு வைக்கலாம் என்று ஜெயபுஷ்பம் சாமான் அறைக் கதவை மெல்லத் திறந்தாள். பகலில் எலி வெளிவராது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஓசைப்படாமல் திறந்தாள்.

ஜெனிஃபா கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அருகில் டப்பா, எண்ணெய்கூட மிச்சமில்லாமல் வழித்து வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய வலக்கை மூட்டையின் வாய்க்குள் இருந்தது. ஒரு பிடி அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மென்றாள். மெல்லும் ஓசையை அடக்குவதற்காக மற்றொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஜெனி."

பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பியது. கன்னம் உப்பியிருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அத்தையைப் பார்த்தது.

"டப்பா முழுசும் தின்னுட்டேன் அத்தை. மிச்சம் வெக்கல."

"பசிக்குதா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

சுவருக்கு அப்பால் தட்டுகளும் குவளைகளும் உரசின. யாரோ ஒருத்தி குழம்பு கேட்டாள். இரண்டு பேர் எதற்கோ சிரித்தார்கள்.

"நான் சாப்ட்டு முடிச்சப்புறம்தான் அவங்க வருவாங்க. ஜெபம் கேக்கும். ஆமென் சொன்ன உடனே நானும் சொல்லிட்டு வாயில போட்டுக்குவேன். அப்ப எல்லாரும் ஒண்ணாத் தின்ற மாதிரி இருக்கும்."

அரிசித் தூசு அவள் பாவாடையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜெயபுஷ்பம் தன் உள்ளங்கையை நீட்டினாள். பிள்ளை மென்றதைப் பாதி துப்பியது. அதற்குள் வாசலில் வந்து நின்ற பூவம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே, நீதானா அந்தப் பெருச்சாளி? பச்சரிசியத் தின்னா உன் கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டும்டி, பந்தலு தாங்காது."

பூவம்மாளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஜெனிஃபாவும் லேசாகச் சிரித்தாள். ஜெயபுஷ்பம் உள்ளங்கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். சோறு தின்னக் கூடாத பிள்ளையை அரிசி மூட்டைகளின் நடுவில் உட்காரவைத்தது அவள். எல்லோரும் தின்பதற்கு முன்னால் தின்றுவிட்டுச் சும்மா இரு என்று விதித்தது அவள். இவ்வளவும் செய்துவிட்டு, கை அளவு தவறியிருக்கும் என்று இன்னொருத்திக்குச் சொன்னதும் அவளே.

அன்று மாலையே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் காலையில் மூட்டைகளை எல்லாம் சமையற்கட்டுப் பரணுக்கு மாற்றச் சொன்னாள். ஓர் அரிசி மணியும் இல்லாமல் அறையைப் பெருக்கவைத்தாள். பந்தி மணிக்கு முன்னதாக ஜெனிஃபாவை எப்போதும்போல் அங்கேயே கொண்டுபோய் உட்காரவைத்தாள். அரிசியை எடுத்துவிட்டாள், பிள்ளையை எடுக்கவில்லை. வெறும் அறையில் டப்பாவைத் திறக்கும் ஓசை வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. இனிப் பட்டை தானே ஊதாவாகிவிடும், நடந்ததை யாரும் அறிய வேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூவம்மாளிடம், இதை வெளியில் பேசாதே என்று மட்டும் சொன்னாள். பூவம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது ஜெயபுஷ்பத்துக்கு உறைத்தது.

சனிக்கிழமை மாலை பட்டையில் லேசாக ஊதா ஏறியிருந்தது. சுந்தர்ராஜ் வாசலில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல நாள்களுக்குப்பின் அவன் முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா? வேலைய வுட்டது நல்லதாப் போச்சு. இப்பத்தான் கை சரியா வந்துருக்குது."

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். ஃபீபி பட்டையை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளும் நான்தான் கெடுத்துக்கினு இருந்தேனா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அழவில்லை. தராசை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். வைத்த இடம் சரியில்லாததுபோல மறுபடி எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

மறுநாள் ஆராதனையில் ஜெயபுஷ்பத்துக்குப் பாவ அறிக்கை ஜெபம் சொல்ல நா எழவில்லை. ஒவ்வொரு வாரமும் எழுத்துப் பிசகாமல் சொல்லும் ஜெபம் அது. வீட்டுக்கு வந்ததும் உடுத்திய பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் போய் நின்றாள். ஃபீபி தரையில் உட்கார்ந்து ஆட்டுக் கொழுப்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். சுந்தர்ராஜ் உரித்த வெங்காயத்தைப் பெரியவர்களின் குழம்புக்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.

ஜெயபுஷ்பம் நின்றபடியே சொன்னாள். சாமான் அறையையும், மூட்டையையும், எலிப்பொறியையும், ஆமெனையும் ஒன்று விடாமல் சொன்னாள். தன் கையளவில் தவறில்லாதவளைத் தவறு செய்தவள் ஆக்கிவிட்டேன் என்று, எழுதிவைத்ததைப் படிப்பதுபோலச் சொல்லி முடித்தாள். வேறு விதமாகப் பேச அவளுக்குத் தெரியாது.

ஃபீபியின் கத்தி நிற்கவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை அண்ணி."

சுந்தர்ராஜ் வெங்காயத்தைத் தட்டில் தள்ளிவிட்டு, "வுடு ஃபீபி. அக்கா இன்னா வேணும்னா செஞ்சாங்க?" என்றான்.

"நான் வேணும்னு செஞ்சேனா? என்ன இன்னா இன்னா கேட்ட நீ? எங்கம்மா வரைக்கும் இழுத்தியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் ஜெனிஃபா பக்கத்து வீட்டு வஹீதாவுடன் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சில்லு தரையில் விழும் ஓசை கேட்டது. பிள்ளை விழுகிறதோ என்று மூவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்கள். விழவில்லை.

ஃபீபி கொழுப்புப் படிந்த கைகளை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டாள்.

"கம்பெனிக்கு நான் திரும்பப் போவ முடியாது அண்ணி. என் மிஷின்ல வேற பொண்ண உட்கார வெச்சுட்டாங்க. அத வுடுங்க. எம் பொண்ணு ஒரு ரூமுல தனியா உட்கார்ந்துக்கினு ஆமென் சொல்லிக்கினு இருந்திருக்குது. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல. உங்கள மாட்டி வுட்டுருவோம்னு சொல்லல போல."

ஜெயபுஷ்பம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஃபீபி மறுபடி கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நால்வரும் வேலூருக்குப் பேருந்து ஏறினார்கள். ஜெயபுஷ்பத்தை யாரும் வா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பள்ளிகொண்டா தாண்டும்வரை மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. ஜெனிஃபா அம்மாவின் மடியில் தூங்கினாள்.

டயட் மேடம் பட்டைகளின் நிறத்தைப் பற்றிக் கேட்டார். எங்கே தவறு என்று கேட்டார். ஃபீபி நாத்தனாரைப் பார்க்கவில்லை. ஜெயபுஷ்பம் எழுந்து நின்று சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்திலிருந்து யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

"இல்ல. நான்தான் செஞ்சேன்."

"இனிமே எங்க சாப்பிடுவா?"

"பந்தியில. எல்லாரோடயும். அவ டப்பாவ அவ தட்டுல வெச்சு."

சுவரில் மாட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்தபடி ஃபீபி சொன்னாள்: "இதத்தானே அண்ணி நான் மொத நாளே கேட்டேன்."

பிறகு அந்த அம்மையார், சிகிச்சையை நிறுத்த வேண்டாம், இன்னும் சில மாதம் பார்க்கலாம் என்றார். சுந்தர்ராஜ் கைகூப்பினான். ஆனால் இத்தனை நாள் அரிசி உள்ளே போயிருப்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வார்டில் வைத்து ஒரு நாள் பட்டினி போட வேண்டும். தண்ணீரைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது. முதல் தடவை அந்தப் பட்டினியில் பிள்ளை எப்படி அழுதது என்று நால்வருக்கும் தெரியும். ஜெனிஃபா மட்டும், "மறுபடியுமா?" என்று கேட்டாள்.

வார்டில் மதியம் ஆயிற்று. மற்றப் படுக்கைகளில் தூக்குப் பாத்திரங்கள் திறந்தன. ஜெனிஃபா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுந்தர்ராஜ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ஃபீபி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள். வீட்டிலேயே கட்டிக் கொண்டுவந்த சாம்பார் சாதம்.

"வெளிய போய்ச் சாப்ட்டு வாங்க அண்ணி. இவ எதிர்ல வேணாம்."

"எனக்கு வேணாம் ஃபீபி."

"சக்கரை மாத்திரை போட்டிருக்கீங்க. மயக்கம் போட்டு விழுந்தா உங்களயும் நான்தான் பாக்கணும். போங்க."

குரலில் கோபம் இல்லை, கனிவும் இல்லை. ஜெயபுஷ்பம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடைவழியைத் தாண்டி, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். ஃபீபி கட்டிக் கொடுத்ததை மிச்சம் வைக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு வாயாக, கடமையைப்போலத் தின்று முடித்தாள். குழாயடியில் சோப்பு வாங்கி இரண்டு முறை கை கழுவினாள்.

அவள் திரும்பி வந்தபோது ஃபீபி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருந்தாள். ஜெனிஃபா விழித்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஜெயபுஷ்பம் தண்ணீர்க் குவளையைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பிள்ளை குவளையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. விரல்களை மூக்கருகே இழுத்து மூச்சை உள்ளே வாங்கியது.

"கத்திரிக்கா சாம்பாரா அத்தை?"

"ஆமாம்."

"நல்லா இருந்துச்சா?"

கையை இழுத்துக்கொள்ளலாமா, அங்கேயே விட்டுவைக்கலாமா, இரண்டில் எது பிள்ளைக்குக் கொடுமை என்று ஜெயபுஷ்பத்தால் தீர்மானிக்க முடியவில்லை. ஜெனிஃபா அந்த விரல்களைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.